வேண்டாம் என்பதற்கும் ஒரு கையெழுத்து

எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி விரலிடுக்கெல்லாம் தேய்த்துக்கொண்டிருந்தாள் பெத்ரோனா. கோழித் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் அவளுக்கு முதல் வேலை அதுதான். சோப்புக்கு அடங்காத வாடை அது; எலுமிச்சைக்கும் அரைகுறையாகத்தான் அடங்கும். பின்னால் மகள் வந்து நிற்பது தெரிந்தது. மிக்கேலா பேச வந்துவிட்டுப் பேசாமல் நின்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"ம்மா, நாளைக்கு நீ ஸ்கூலுக்கு வரணும்."

"ஏன், யாரையாவது அடிச்சியா?"

"ஆமா, பத்துப் பேரை அடிச்சேன். போம்மா நீ! அந்த உதவிப் பண விண்ணப்பம்தான்."

"அதுதான் வேணாம்னு சொல்லியாச்சே."

"வாயால சொன்னா போதாதாம். வேணாம்னு கையெழுத்துப் போடணுமாம். நீதான் போடணும். மிஸ் ஹாலிஸ் கண்ணு முன்னாடி, அடையாள அட்டையக் காட்டிட்டு."

கத்தி கீறிய இடத்தில் எலுமிச்சை எரிந்தது. பெத்ரோனா குழாயைத் திறந்துவிட்டாள்.

"தாளை இங்க கொண்டா. எப்பவும் போல போட்டுத் தரேன்."

"போன வருஷம் பாதிப் பசங்க அம்மா கையெழுத்த அவங்களே போட்டுட்டாங்களாம். அதான் நேர்ல வரச் சொல்றாங்க. வெள்ளிக்கிழமை கடைசி. இல்லேன்னா ஸ்கூல் முடிச்ச பட்டம் கிடையாது."

"பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணிட்டேன்னியே?"

"பண்ணிட்டேன்."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் இதுதாம்மா."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மிக்கேலாதான் கையை நீட்டி மூடினாள்.

கல்லூரிக்குப் போக அரசாங்கத்திடம் உதவிப் பணம் கேட்டு விண்ணப்பம் போட்டால்தான் பள்ளிக்கூடம் முடித்ததாகக் கணக்கு என்று மாநிலத்தில் சட்டம் வந்திருந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் கேட்கத் தெரியாமலே விட்டுவிடுகிறார்களாம், அதனால் எல்லாரையும் கேட்க வைத்துவிடுவதென்று மேலே உட்கார்ந்திருப்பவர்கள் முடிவு செய்திருந்தார்கள். நல்ல எண்ணம்தான், குற்றம் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் அதற்கென்று ஒருநாள் வைத்து, பிள்ளைகளை வரிசையாகக் கணினி முன்னால் உட்கார வைத்து, பீட்சா வாங்கிக் கொடுத்தார்கள். முடித்த பிள்ளை எழுந்துபோய் ஒரு கைமணியை அடிக்க வேண்டும். அடித்ததும் எல்லாரும் கைதட்டுவார்கள். பெயரெழுதிய காகித நட்சத்திரம் ஒன்று சுவரில் ஏறும். மிக்கேலா தன் பெயரை அடித்தாள், பிறந்த தேதியை அடித்தாள். அடுத்த பக்கத்தில் 'தாயின் பெயர்' என்று வந்தது. அதற்குக் கீழே தாயின் அரசாங்க எண். வயிற்றுவலி என்று சொல்லிக் கழிவறைக்குப் போனவள் மணிச்சத்தம் ஓயும்வரை வெளியே வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வந்து, "நமக்கு வேணாம்மா அந்தப் பணம்" என்றாள். பெத்ரோனாவும், "வேணாம்" என்றாள். ஏன் என்று இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்டுத் தெரிந்துகொள்ள அதில் என்ன இருக்கிறது? தொழிற்சாலையில் பெத்ரோனாவின் பெயர் யோலாண்டா. யோலாண்டா த்ரெவின்யோ. அந்தப் பெண் நிஜமாகவே டெக்சாஸில் எங்கோ இருக்கிறாள். சொந்தப் பெயரில் இந்த நாட்டுக் காகிதம் ஏதும் இல்லாததால், தரகன் ஒருவன் மூலமாக அவளுடைய பெயரையும் எண்ணையும் வாங்கித்தான் பெத்ரோனா வேலைக்குச் சேர்ந்தாள். வேலைக்கு மட்டும் என்றுதான் முதலில் நினைத்தது. ஆனால் வயிறு தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு நர்ஸ் காப்பீட்டு அட்டையைக் கேட்டாள். தொழிற்சாலை கொடுத்த அட்டை அது, அதில் இருந்தது யோலாண்டாவின் பெயர். "அதையே குடு, இல்லேன்னா ஆஸ்பத்திரிக் காசைச் சாகறவரைக்கும் கட்டணும்" என்று கூட வேலை செய்கிற பெண்கள் ஏற்கனவே சொல்லி அனுப்பியிருந்தார்கள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அட்டையை நீட்டினாள். பிள்ளை பிறந்தது. தபாலில் பிறப்புச் சான்றிதழ் வந்தது. தாய்: யோலாண்டா த்ரெவின்யோ. தகப்பன் பெயருக்கான இடத்தில் ஒன்றும் இல்லை; ஆஸ்பத்திரியில் போலீஸ் நிற்கும் என்று பயந்து புருஷன் தியேகோ அன்றைக்கு வரவேயில்லை. பிள்ளைக்குத் தகப்பனுடைய தாயின் பெயரை வைப்பது குவாத்தமாலாவில் அவர்கள் மலைக் கிராமத்து வழக்கம். அதன்படி மிக்கேலா என்று வைத்தார்கள். ஆனால் பின்னால் ஒட்டிக்கொண்டது அந்த டெக்சாஸ்காரியின் குடும்பப் பெயர்.

"ஒரு நோவும் படாம பிள்ளை பெத்தவ அவதான்" என்று தியேகோ சொல்லிச் சிரிப்பான். அது அவன் இருந்த காலத்தில். வண்டியின் பின்விளக்கு எரியவில்லை என்று ஒரு போலீஸ்காரன் நிறுத்தினான். ஓட்டுநர் உரிமம் எங்கே என்றான். ஒரு விளக்கில் ஆரம்பித்தது, ஆளைக் குவாத்தமாலாவில் கொண்டுபோய் இறக்கியதில் முடிந்தது. மிக்கேலா அப்போது மூன்றாம் வகுப்பு. இப்போது ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவான். அவன் குரலைக் கேட்டாலே பெத்ரோனாவுக்கு அந்தப் பின்விளக்கு ஞாபகம் வந்துவிடும்.

"எனக்கு ஜூன்ல பதினெட்டு ஆயிடும். அதுக்கப்புறம்னா நானே போட்டுக்கலாமாம்" என்றாள் மிக்கேலா.

"அப்ப ஜூன் வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லு."

"பட்டம் குடுக்கறது மே மாசம்மா. நர்ஸ் கோர்ஸுக்கும் அந்தச் சான்றிதழ் வேணும். இந்த வருஷம் விட்டா இடம் போயிடும்." நிறுத்திவிட்டு, "பரவால்ல, விடு" என்றாள். "நானும் உங்கூடக் கோழி வெட்ட வரேன். அங்க மணியெல்லாம் அடிக்க மாட்டாங்கல்ல?"

சிரிப்புக்காகச் சொன்னாள். பெத்ரோனாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் விடியலில் வேலைக்குப் போனபோது காலில் ரப்பர் பூட்ஸை மாட்டவே கை வரவில்லை. தலைக்கு மேல் கொக்கிகளில் கோழிகள் வந்துகொண்டே இருந்தன. தொடையைப் பிடித்து எலும்பை விலக்கிச் சதையை இழுக்க வேண்டும். ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். யோசிக்க நேரமில்லாத வேலை. இத்தனை வருஷம் அதுவே அவளுக்கு உபகாரமாக இருந்தது. இன்றைக்கு அதையும் மீறிக்கொண்டு யோசனை வந்தது. பக்கத்தில் நின்ற கத்தரீனா அவளுடைய மலைக்காரிதான், வாய் ஓயாதவள்.

"என்னக்கா, கோழி உன்னை வெட்டுதா, நீ கோழிய வெட்டறியா?"

பெத்ரோனா விஷயத்தைச் சொன்னாள். இயந்திரச் சத்தத்தில் பாதியைக் கத்தித்தான் சொல்ல முடிந்தது. கத்த முடியாத பாதியைக் காதோடு சொன்னாள்.

"பிச்சை கேக்கலேன்னா பட்டம் கிடையாதா? எந்த ஊரு நியாயம்க்கா இது! கேக்க மாட்டேன்னாலும் வந்து எழுதிக் குடுத்துட்டுப் போணுமா? எம் புருஷன்கூட இவ்வளவு கெஞ்ச வச்சதில்ல."

"விளையாடாதடி."

"சரி, விளையாடல. போகாத." கத்தரீனா கத்தியை ஒரு கணம் நிறுத்தினாள். "ஸ்கூல் வாசல்ல ஒரு பெட்டி வச்சிருக்காங்க, தெரியுமில்ல? அட்டைய அதுல வச்சாத்தான் உள்ள விடுவாங்க. வச்சதும் நம்ம ஜாதகமே எங்கெங்கயோ போகுதாம். எம் மருமக சொன்னா."

"எங்க போகுது?"

"எனக்கென்ன தெரியும்? போகுதாம். நீ வச்சிருக்கறதோ அந்தப் பொம்பள அட்டை. போன வாரம் ஆத்தோரத்துக் குடியிருப்புல விடியக்காலைல ஆள் பிடிக்கற கறுப்புக் கண்ணாடி வண்டி வந்து நின்னுச்சு. யாரு பேரு எதுல போயி மாட்டுச்சோ. அடுப்புல பீன்ஸ் கொதிச்சது கொதிச்சபடி இருந்துச்சாம்."

"மிக்கா படிப்பு?"

"உயிரோட இருக்கட்டும்க்கா, படிச்சுக்கலாம். இல்லேன்னா இங்க எனக்குப் பக்கத்துல ஒரு இடம் காலியாத்தானே இருக்கு."

நல்லதுக்குத்தான் சொன்னாள். ஆனால் பெத்ரோனாவின் கண், காலியாயிருந்த அந்த இடத்துக்குப் போய்விட்டது. ஈரத் தரையில் நெற்றிவரை வலைத்தொப்பி போட்டுக்கொண்டு மிக்கேலா நிற்பது போலத் தெரிந்தது. கண்காணிப்பாளன் பின்னாலிருந்து, "யோலாண்டா! தூங்கறியா?" என்று கத்தினான். மூன்று கோழிகள் தொடாமலே தாண்டிப் போயிருந்தன.

அவளுடைய பயத்தின் அடி ஆழத்தில் இருந்தது வண்டியும் இல்லை, பெட்டியும் இல்லை. அதை அவள் கத்தரீனாவிடமும் சொல்லவில்லை. அந்தப் பிறப்புச் சான்றிதழ் பொய் என்று தெரிந்துவிட்டால், அப்போது இந்தப் பெண் யார் பெற்ற பிள்ளை என்று கேட்பார்கள். நீ பெற்றதற்கு என்ன அத்தாட்சி என்பார்கள். தாள் முழுக்க டெக்சாஸ்காரியின் பெயர். பிரசவத் தையல் தழும்பைக் காட்டினால் ஒத்துக்கொள்வார்களா? எல்லாம் தாளில்தான் என்று சொல்லும் ஊர் இது. தன்னைத் தூக்கிக்கொண்டு போவதைக் கூட அவளால் நினைத்துப் பார்க்க முடிந்தது. 'இவள் உன் மகள் இல்லை' என்று யாராவது தாளைக் காட்டிச் சொல்வதை மட்டும் நினைக்க முடியவில்லை.

வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகும் வண்டியில் ஏறத்தான் போனாள். ஏறினாள் என்றும் சொல்லலாம். ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு, "நீங்க போங்க" என்று இறங்கிவிட்டாள்.

பள்ளிக்கூடத்துக்குள் அவள் ஒருநாளும் நுழைந்ததில்லை. எதற்குக் கூப்பிட்டாலும், "அம்மாவுக்கு ஷிப்ட்" என்று மிக்கேலாவே சமாளித்துவிடுவாள். வாசலில் மிக்கேலா காத்துக்கொண்டிருந்தாள். தாயைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்தது சந்தோஷமா திகிலா என்று சொல்ல முடியவில்லை.

"வந்துட்டியா!"

"வரச் சொன்னியே."

"வர மாட்டேன்னு நெனச்சேன். சரி, கேட்டா அட்டைய மறந்துட்டேன்னு சொல்லு. நீ ஒண்ணும் பேசாத, நான் பேசிக்கறேன்."

உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள். பக்கத்தில் கத்தரீனா சொன்ன பெட்டி, ரொட்டி சுடும் பெட்டியைவிடச் சின்னது, தலையில் பச்சை விளக்கு. அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று பெத்ரோனா நினைக்கவில்லை. சுவரில் சாய்ந்தபடி பள்ளிக்கூடத்துப் போலீஸ்காரன் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். இடுப்பில் துப்பாக்கி.

"அட்டை?" என்று கையை நீட்டினாள் மேசைப் பெண்.

மிக்கேலா வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு கனத்த பெண்மணி செருப்புச் சத்தத்தோடு வேகமாக வந்தாள். பிள்ளைகளின் மேல்படிப்பைக் கவனிக்கும் மிஸ் ஹாலிஸ் அவள்தான். மேசைப் பெண்ணைப் பார்த்துக் கையை அசைத்து ஏதோ சொன்னாள். நீட்டிய கை உள்ளே போய்விட்டது.

"என்ன சொன்னா?" பெத்ரோனா தங்கள் மலைமொழியில் கிசுகிசுத்தாள்.

"'விடு, இவங்க என்னப் பாக்க வந்தவங்க'ன்னா."

போலீஸ்காரன் பெத்ரோனாவைப் பார்த்துத் தலையசைத்தான். அவளும் அசைத்தாள். கழுத்து அசைந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

மிஸ் ஹாலிஸின் அறையில் சுவர் நிறைய மஞ்சள் நட்சத்திரங்கள். நடுவில் ஒரே ஒரு நட்சத்திர அளவுக்கு வெற்றிடம். கதவு திறந்தபடியே இருந்தது. நடைவழியில் பிள்ளைகள் போவதும் வருவதும் தெரிந்தது. மிஸ் ஹாலிஸ் இரண்டு கைகளாலும் பெத்ரோனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எலுமிச்சை தேய்க்காத கை. பெத்ரோனா கூசிப் பின்னால் இழுத்தாள், அவள் விடவில்லை. நிறையப் பேசினாள். மிக்கேலா மாற்றிச் சொன்னாள்.

"என்னப் பத்திப் புகழ்றாங்கம்மா. அதெல்லாம் வேணாம் உனக்கு."

"வேணும். சொல்லு."

"பொறுமையான பொண்ணாம். நர்ஸ் வேலைக்குன்னே பிறந்தவளாம். போதுமா?"

பிறகு தாள் வந்தது. பேனா வந்தது. மிஸ் ஹாலிஸ் விரலால் இரண்டு இடங்களைத் தொட்டுக் காட்டினாள். "இங்க கையெழுத்தாம். இங்க அட்டையோட நம்பராம். அட்டை இல்லேன்னா நம்பரை மட்டும் சொன்னா போதுமாம்" என்றாள் மிக்கேலா. அவள் குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

"அடியில என்ன எழுதியிருக்கு, பொடிசா?"

மிக்கேலா தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"படிடி."

"மேல சொன்னதெல்லாம் உண்மை. பொய்யின்னா சட்டப்படி தண்டனை."

பெத்ரோனா பேனாவைப் பிடித்தாள். அவளுக்குப் படிப்பு கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தியேகோ அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கொடுத்து, எழுத்தெழுத்தாகக் கை பிடித்துப் பழக்கியது ஒரே ஒரு கையெழுத்துத்தான்: யோலாண்டா த்ரெவின்யோ. சம்பளத்துக்கும் அதுதான், மிக்கேலாவின் மதிப்பெண் அட்டைக்கும் அதுதான். பெத்ரோனா என்று எழுதச் சொன்னால் முதல் எழுத்து எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. பேனா தாளுக்கு மேல் நின்றது. முனை பட்டு ஒரு புள்ளி விழுந்தது. அதைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

மிஸ் ஹாலிஸின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, குரலைத் தணித்து, நிதானமாக ஏதோ சொன்னாள். மகளைப் பார்க்காமல் பெத்ரோனாவின் கண்ணைப் பார்த்தே சொன்னாள். சொல்லி முடித்துக் காத்திருந்தாள்.

மிக்கேலா, "வீட்டுக்குப் போகலாங்கறாங்கம்மா. எழுந்திரு" என்றாள்.

"அப்படிச் சொல்லல அவ."

"அப்படித்தான் சொன்னாங்க."

"மிக்கா. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. மூஞ்சி தெரியும். என்ன சொன்னா?"

மிக்கேலா உதட்டைக் கடித்தாள். கண்ணீர் முட்டியது. "இன்னொரு வழி இருக்காம். விசேஷக் காரணம் இருந்தா அவங்களே எனக்காகக் கையெழுத்துப் போடலாமாம். உன் கையெழுத்து வேணாமாம், அட்டையும் வேணாமாம். தாள்ல என்ன எழுதறதுன்னு அவங்க பாத்துப்பாங்களாம். ஆனா..."

"ஆனா?"

"காரணம் என்னன்னு அவங்களுக்குத் தெரியணுமாம். உண்மையான காரணம். போலாம் வாம்மா. எனக்கு அந்தப் பட்டத் தொப்பியும் வேணாம், அங்கியும் வேணாம். நெசமாத்தான் சொல்றேன்."

"இவ நல்லவளா?"

"நல்லவங்கதான். ஆனா அவங்களும் இங்க வேலை பாக்கறவங்கதானேம்மா? மேல கேட்டா சொல்லணுமில்ல? எனக்கெப்படித் தெரியும்?"

உண்மைதான், பதினேழு வயசுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், கடையில் என்று பேசத் தெரிந்த நாளிலிருந்து தாய்க்காகப் பேசியவள் அவள். எதைச் சொல்ல வேண்டும், எதை விழுங்க வேண்டும் என்பதை அவளாகவே கற்றுக்கொண்டிருந்தாள். இப்போதும் விழுங்கத்தான் பார்த்தாள். தன் பட்டத்தையும் சேர்த்து விழுங்குகிறாள். வெளியே நடைவழியில் போலீஸ்காரனின் பூட்ஸ் சத்தம் நெருங்கி வந்தது.

"நீ சொல்லு அவகிட்ட" என்றாள் பெத்ரோனா.

"மாட்டேன்."

"சொல்லுடி."

"உன்னைப் பிடிச்சுக் குடுக்கற வார்த்தைய என் வாயால சொல்லச் சொல்றியா? மாட்டேன்."

சரிதான். அதைப் பிள்ளையின் வாயில் வைக்கக் கூடாது. பெத்ரோனா மிஸ் ஹாலிஸ் பக்கம் திரும்பினாள். அவளிடம் இருந்த ஆங்கிலமெல்லாம் தொழிற்சாலை ஆங்கிலம்: சீக்கிரம், வேண்டாம், இல்லை, நாளை, என் பெயர். அதில் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. தாளில் அச்சடித்திருந்த தாயின் பெயர்மேல் விரலை வைத்தாள்.

"இது," என்றாள், "நான் இல்ல." தன் நெஞ்சில் கையை வைத்தாள். "என் பேரு பெத்ரோனா." பிறகு மகளின் தோளைப் பிடித்தாள். எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்று தெரியாமல் பிடித்தாள். "இவ என் பொண்ணு."

மிஸ் ஹாலிஸ் அசையவில்லை. தாளைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், மிக்கேலாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் மீதமிருந்த சிரிப்பும் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்தது என்னவென்று பெத்ரோனாவால் படிக்க முடியவில்லை. மூஞ்சி தெரியும் என்று இப்போதுதான் சொல்லியிருந்தாள். மிக்கேலா மலைமொழியில், "ஐயோ, அம்மா, அம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மிஸ் ஹாலிஸ் எழுந்தாள். கதவை நோக்கி நடந்தாள். போலீஸ்காரன் சரியாக அங்கேதான் நின்றிருந்தான், காலியான காப்பிக் கோப்பையோடு. அவனிடம் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னாள். அவன் அவள் தோளுக்கு மேலாக அறைக்குள் எட்டிப் பார்த்தான். மிக்கேலாவின் விரல்கள் தாயின் விரல்களுக்குள் நுழைந்து இறுகின. மிஸ் ஹாலிஸின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. பூப்போட்ட சட்டை, மூச்சு வாங்குவதில் ஏறி இறங்கும் அகன்ற தோள், கதவுப் பிடியின்மேல் வைத்த ஒரு கை. அந்தக் கை கதவைச் சாத்தவும் இல்லை, அவன் உள்ளே வர அகலத் திறக்கவும் இல்லை.